ஓடுபாதையில் இல்லாத மாடு

நான் ஒரு பசுமாட்டின் மீது பொய்ப்பழி போட்டவன். ஒரு கொம்பு வளைந்த, செம்மண் நிறப் பசு. அது எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. அன்றைக்குத்தான் அதை நான் சரியாகப் பார்த்ததே. இருந்தும் ஒரு விமானியிடம், அவர் என்னை நம்பித்தான் தீரவேண்டிய நேரத்தில், அந்த மாடு இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொன்னேன். காரணம் கலியாணம். (கலியாணத்துக்காக ஆயிரம் பொய் சொல்லலாம் என்பார்கள். ஆகாயத்தில் சொல்லலாமா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.)

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த, ஆனால் அவன் இன்னும் போகாதிருந்த காலம். நான் வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, கொழும்புக்குத் தெற்கே இருந்த விமானத் திடலில் தகவல் அலுவலராக வேலை பார்த்தேன். பெயர் பெரிது. வேலை இவ்வளவுதான்: இறங்க வருகிற விமானி றேடியோவில் கூப்பிடுவார். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், மேகம் எவ்வளவு பதிவாக, தாழ்வாக நிற்கிறது, ஓடுபாதை ஈரமா, அதில் ஏதாவது நிற்கிறதா, பக்கத்தில் வேறு விமானம் பறக்கிறதா என்று நான் சொல்லவேண்டும். இறங்குவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். என் மேலதிகாரி பெரன்ட் துரை, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், முதல் நாளே சொல்லிவிட்டார்: "கண்ணால் பார்த்ததைச் சொல். பார்க்காவிட்டால் பார்க்கவில்லை என்று சொல். 'இறங்கு' என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதே. அது உன் வேலை இல்லை."

கொட்டாஞ்சேனையில் பெண் பார்க்கப் போன இடத்தில் இதை விளக்குவது எப்படி? பெண்ணின் தகப்பனார் சிற்றம்பலத்தார், புறக்கோட்டை மொத்தக்கடை ஒன்றில் கணக்கப்பிள்ளை. நேராகவே கேட்டார்.

"தம்பி, பிளேன் உங்கட சொல்லுக் கேட்டுத்தானே இறங்குது?"

"ஓம்," என்றேன். (கேட்கும். கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு இறங்கும். இரண்டாவது பாதியை விழுங்கிவிட்டேன்.)

"அப்ப இறங்க வேண்டாம் எண்டால்?"

"இறங்காது."

"இல்லை, ஒரு ஆள் சொன்னவர், உங்களுக்குக் காத்துப் பார்க்கிற வேலை எண்டு. கஸ்டம்ஸில இருந்தும் ஒரு சம்பந்தம் வந்திருக்கு, அதுதான் கேட்டனான்."

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. பெண், கமலா. "அப்பா, ஒருக்காச் செய்து காட்டச் சொல்லுங்கோவன்," என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் விளையாட்டாக எடுக்கவில்லை. அந்தக் கஸ்டம்ஸ்காரனுக்குச் சுருட்டை முடி என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் தகப்பனும் மகளும் திடலுக்கு வந்தார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நிற்பதற்குக் கம்பிவேலியை ஒட்டி ஓர் இடம் உண்டு. என் கண்ணாடி அறையிலிருந்து கூப்பிடு தூரம். மதராசிலிருந்து தபாலும் பயணிகளுமாக ஒரு விமானம் வரவேண்டியிருந்தது. "நான் வெள்ளை லேஞ்சியைத் தூக்கிக் காட்டுவன். அது திரும்ப மேலே போகும்," என்று கைக்குட்டையை எடுத்துக் காட்டிச் சிற்றம்பலத்தாரிடம் சொல்லிவைத்தேன்.

விமானம் தாழ்ந்து வந்தது. ஒரு கையில் லேஞ்சி, மறு கையில் றேடியோ. "ஓடுபாதையில் மாடு," என்றேன்.

எந்த விமானியும் அதைக் கேட்டபின் இறங்கமாட்டார். இயந்திரம் உறுமிற்று. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலால் போயிற்று. சிற்றம்பலத்தார் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, கோயிலில் தீபம் காட்டும்போது செய்வதுபோல இடுப்பில் கட்டிக்கொண்டார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

அப்போது றேடியோ கேட்டது: "எத்தனை மாடு? எந்தப் பக்கம்?"

இதற்கு நான் ஆயத்தமாக இல்லை. பொய் சொல்கிறவன் ஒரு கேள்வி தாண்டி யோசிப்பதில்லை. "இரண்டு," என்றேன். "தெற்குப் பக்கம்." பிறகு, "இப்போது போய்விட்டன," என்றேன்.

போனது மாடு அல்ல, வெயில். வைகாசி மாதக் கடல் மழை எப்படி வரும் என்று கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். விமானம் ஒரு வட்டம் சுற்றி வருவதற்குள் மேற்கே எழுந்த மழை திடலை மூடிவிட்டது. ஓடுபாதையின் மறுமுனை எனக்கே தெரியவில்லை. அதற்குப்பிறகு நான் சொன்னதெல்லாம் உண்மை. மழை, காற்று மாறிவிட்டது, மேகம் மிகப் பதிவு, எனக்கு உங்களைத் தெரியவில்லை. விமானி, கடலுக்கு மேலே நின்று பார்க்கிறேன், எண்ணெய் அதிகம் இல்லை என்றார். குரலில் கோபம்கூட இல்லை. என்னை நம்பிய குரல் அது. முதல் தரமே இறங்கியிருந்தால் அவர் இந்நேரம் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

மேகத்துக்குள் எங்கோ அந்த இயந்திரச் சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. என் கையில் லேஞ்சி பிழியலாம்போல நனைந்திருந்தது, நான் அறைக்குள் நின்றிருந்தும். வெளியே குடைக்குக் கீழே நின்ற சிற்றம்பலத்தாருக்கோ இரக்கம் வந்துவிட்டது. அத்தனையும் என் வித்தை என்று நினைத்து, இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்:

"போதும் தம்பி! காணும்! பாவம், இறங்க விடுங்கோ!"

இறங்க விடுவதற்கு நான் யார்?

கடைசியில் மழை கொஞ்சம் விலகியது. தெரிகிறது என்று சொன்னேன், இறங்கினார். பயணிகள் ஒவ்வொருவராக, பச்சை வாழைக்காய் முகத்தோடு, வாந்தி பட்ட சட்டையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி இறங்கி வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதும் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பெரன்ட் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கே அந்த மாடுகள்?"

அந்த வட்டாரத்தில் மாடு என்றால் சோமாவதிதான். வேலிக்கு வெளியே குடிசை போட்டு, பால் விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்த சிங்களப் பெண். காவலாளி போய் அவளிடம் இருந்த ஒரே மாட்டை, அந்தச் செம்மண் நிறப் பசுவை, இழுத்து வந்தான். கயிற்றைப் பிடித்தபடி அவளும் அழுதுகொண்டே வந்தாள். மாடு உள்ளே வரவேயில்லை, வேலிக்கு வெளியேதான் கட்டியிருந்தது என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். துரை கேட்கவில்லை. மாட்டைப் பிடிமாடு அடைக்கிற பட்டிக்கு அனுப்பு, இனி இந்தப் பக்கம் ஒரு மாடும் கட்டக்கூடாது என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. பொய் சொன்னது ஒரு கணம். அதை மேய விட்டுவிட்டு நின்றேனே, அதுதான் என் குற்றம்.

மழைக்கு ஒதுங்கிய கமலா எங்கள் அறை வாசலில்தான் நின்றாள். மாட்டைப் பார்த்தாள். பிறகு தன் பின்னலைத் தடவினாள். அதிலிருந்த மல்லிகைச்சரத்தில் பாதியைக் காணவில்லை. காணாத பாதியின் நார் மாட்டின் வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. விமானம் தாழ்ந்து வந்த நேரம் எல்லோரும் ஆகாயத்தைப் பார்க்க, அந்தப் பசு வெளியே நின்றபடி வேலிக்கு மேலால் தலையை நீட்டி என் வருங்கால மனைவியின் தலைப்பூவைத் தின்றிருக்கிறது.

அவள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?"

நான் சொன்னேன். துரைக்கு ஆங்கிலத்தில், சோமாவதிக்கு என் அரைகுறைச் சிங்களத்தில், சிற்றம்பலத்தாருக்குத் தமிழில். மூன்று பாஷையிலும் ஒரே மானக்கேடு. சிற்றம்பலத்தார் இடுப்பிலிருந்த சால்வையை அவிழ்த்து, உதறி, மீண்டும் தோளில் போட்டுக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது என்று அந்தச் சால்வையே சொன்னது.

துரை பசுவை விட்டுவிட்டார். என்னை வேலையை விட்டுக் கலைத்திருக்கலாம். கலைக்கவில்லை. றேடியோவைத் தொடவேண்டாம் என்று சொல்லி, காற்றை அளந்து எழுதுகிற இடத்துக்கு மாற்றினார். சிற்றம்பலத்தாரிடம் அந்த ஆள் சொன்னபடியே, எனக்குக் காற்றுப் பார்க்கிற வேலை.

மறுநாள் சோமாவதியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் பால் கறப்பதை நிறுத்தவில்லை. "மட்ட நெவெய் மஹத்தயா, எலதெனட்ட கியன்ன," என்றாள். எனக்கில்லை ஐயா, பசுவுக்குச் சொல்லுங்கள். சொன்னேன். அதன் முகத்துக்கு நேரே குனிந்து, ஒழுங்காக, சமாவ இல்லனவா, மன்னிப்புக் கேட்கிறேன், என்றேன். அவளுடைய பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். பசு மட்டும் மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

அது போதாது என்று எனக்கே தெரிந்தது. திடலில் வெட்டுகிற புல்லை வீணாக எரிப்பார்கள். துரையிடம் அனுமதி கேட்டு, சனிக்கிழமைகளில் அதைக் கட்டிச் சுமந்து போய் அவள் வேலியில் போட்டேன். அரசாங்கத்து வெள்ளைக் காற்சட்டையில் பச்சைக் கறையோடு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான்.

சில மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை புல்லுக்கட்டோடு நிமிர்ந்தால் சிற்றம்பலத்தார் வேலியோரம் நிற்கிறார்.

"எனக்கு விருப்பமில்லைத் தம்பி," என்றார் முதலிலேயே. "அவள்தான் சொல்லுறாள். இந்த ஆள் பொய் சொல்லிப் பிடிபட்டவர், இனிச் சொன்னால் எனக்குத் தெரியும். அந்தக் கஸ்டம்ஸ்காரர் இன்னும் பிடிபடேல்லையாம்."

கலியாணத்துக்குச் சோமாவதி ஒரு முட்டி தயிர் கொண்டுவந்தாள். இன்னொரு கையில் வாழையிலைப் பொதி ஒன்று. பிரித்தால் முழுசாக ஒரு மல்லிகைச்சரம். பசு தின்ற கணக்குக்காம்.

இப்போது எனக்குச் சர்க்கரை வியாதி. போன கிழமை டொக்டர், இனிப்பு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். பக்கத்திலிருந்த கமலா கைப்பையை மடியில் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்து, டொக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"எத்தனை மாடு? எந்தப் பக்கம்?"

"இரண்டு துண்டு தொதல்," என்றேன். "நேற்றுப் பின்னேரம்."