ஊசிக்கு முன்னால் விழுந்த சிஸ்டர்

ஊசி போடுகிறவர்களுக்கு ஊசி என்றால் பயம் இருக்காது என்று ஊரே நம்புகிறது. ஒரகடத்துக் கம்பெனி கேன்டீனில் தரையோடு தரையாகக் கிடக்கும்வரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பயிற்சி பெற்ற நர்ஸாகச் சேர்ந்த புதுசு. (பேட்ஜில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். யாரும் படிக்காததால் நானே வாசித்துக் காட்டுவேன்.) இன்சுலின் போட்டுக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க, கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பினார்கள்.

என் மனதில் இருந்ததென்னவோ ஒரே ஆள்தான். லைன் சூப்பர்வைசர் முனுசாமி. பக்கத்துக் கிராமம், மலை மாதிரி உடம்பு. மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை, கால் புண் ஆறவில்லை. இப்படியே விட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று எங்கள் டாக்டர் எச்சரித்தும், அவருடைய இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசிதான்) கம்பெனி முதலுதவி அறை ஃப்ரிட்ஜில் பிரிக்காமலே கிடந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். கொசுக்கடி அளவுகூட வலிக்காது என்று முழங்கினேன். ஒருத்தர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. உடனே எனக்குள் இருந்த வீராங்கனை கிளம்பிவிட்டாள். மருந்தில்லாத வெறும் ஊசியை எனக்கே குத்திக் காட்டுகிறேன் என்று அறிவித்து, சட்டைக் கையை மடித்தேன்.

அடுத்தவர் தோலில் கணக்கில்லாமல் குத்தியிருக்கிறேன். என் தோலை நோக்கி வந்தபோதுதான் அந்த முனை எவ்வளவு கூர்மை என்று தெரிந்தது. காதுக்குள் கொய்யென்றது. சாம்பார் வாளி ரெண்டாகத் தெரிந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தால் பெஞ்சில் கிடக்கிறேன். முனுசாமி சாப்பாட்டுத் தட்டால் விசிறிக்கொண்டிருக்கிறார். (ஊசி என் கையைத் தொடவே இல்லையாம்.)

"சிஸ்டர், உங்களுக்கும் பயமா கீதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். கிண்டலே இல்லை.

படித்த பாடம் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. "ரொம்ப பயமா இருக்குண்ணே" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஊசிக்குப் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, மறந்துபோச்சு, வேலை ஜாஸ்தி என்று இத்தனை நாள் சாக்கு சொல்லித் திரிந்தாராம். எழுந்துபோய் ஃப்ரிட்ஜிலிருந்து தன் பேனாவை எடுத்து வந்தார்.

"நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. சேர்ந்து குத்திக்கலாம். வுழுந்தா ரெண்டு பேரும் வுழுவோம்."

டாக்டர் எழுதிய அளவைச் சரிபார்த்தேன். அவர் வயிற்றில், நான் புஜத்தில். கண்ணை மூடாதீங்கண்ணே என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் இறுக்க மூடிக்கொண்டேன்.

"இவ்ளோதானா?" என்றார் முனுசாமி.

கேன்டீனே கைதட்டியது. வேலைக்கு ஆபத்து வருமோ என்று சர்க்கரையை ஒளித்து வைத்திருந்தவர்கள்கூட ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்தார்கள். சாப்பாட்டு வரிசை சின்னதாகி, என் வரிசை கதவைத் தாண்டியது.

முனுசாமியின் புண் ஆறிவிட்டது, விரல்கள் எல்லாம் பத்திரம். இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் கம்பெனிக்காரர்கள் போன் போட்டு, "அந்த வுழுந்த சிஸ்டரையே அனுப்புங்க" என்று கேட்கிறார்கள். வீட்டில்தான் என் மரியாதை போனது போனதுதான். காப்பிக்கு இவ்வளவு சர்க்கரையா என்று நான் அதட்ட ஆரம்பித்தால் போதும், என் கணவர் நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் போடுகிறார்.