எண்ணெய் தேய்த்துக் குளித்த டாங்கிகள்

நாற்பதை நெருங்கும் ஆண்பிள்ளை பொம்மை வைத்து விளையாடினால், அந்த விளையாட்டுக்குக் கம்பீரமாக ஒரு பெயர் வைத்துக்கொள்வது நல்லது. நான் 'மேசைப்போர்' என்று வைத்திருக்கிறேன். (என் மனைவி செல்வி 'சொப்புச் சாமான்' என்று வைத்திருக்கிறாள். எங்கள் ஊரான பாகான் டாலாம் முழுக்கப் பரவியிருப்பது அவள் வைத்த பெயர்தான்.)

உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டாங்கிகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசைமேல் நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். சண்டை எனக்கு வராது. என் படை தோற்காத போரே கிடையாது. வண்ணம் தீட்டுவதில்தான் என் சுகமெல்லாம். நாலைந்து முடி மட்டுமே உள்ள தூரிகையில் மணல் நிறத்தைத் தொட்டு ஒரு சக்கரத்தின் ஓரத்தில் வைத்தால் போதும், எங்கள் ஃப்ளாட்டின் சுவர்கள் மெல்ல விலகிவிடும். துறைமுகத்துக் கப்பலின் ஊதல் பாலைவனக் காற்றாகும். மின்விசிறி மணலை வாரி இறைக்கும். தூரத்தில், வெயிலில் நெளிந்துகொண்டு, ஓர் ஒட்டகம்கூட வரும். நான் நேரில் பார்த்த மிகப் பெரிய மணல்வெளி, ஃப்ளாட்டுக்குக் கீழே கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த குவியல்தான். ஆனால் கனவுக்கு யார் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்?

இந்தப் பாலைவனம் விரிந்து கிடந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில். செல்வியின் வீட்டார் கல்யாணச் சீராகக் கொடுத்த மேசை. அதில் நாங்கள் ஒருவேளைகூடச் சாப்பிட்டதில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, டாங்கிகளுக்குத் தொந்தரவில்லாமல், சோபாவில் ஒதுங்கிச் சாப்பிட்டோம்.

கடலுக்கு அக்கரையில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், ஒரு கடைவீட்டு மாடியில் கூடும் எங்கள் மேசைப்போர்ச் சங்கம், மிக அழகான படைக்கு ஒரு கோப்பை என்று அறிவித்தது. அன்றைக்கே செல்வியும் ஒன்றை அறிவித்தாள்.

“கப்போட வந்தீங்கன்னா மேசை ஒங்களுக்கு. இல்லன்னா டாங்கி எல்லாம் பொட்டிக்குள்ள. நான் அந்த மேசையில எலை போட்டுச் சாப்புடுவேன். சரியா?”

“சரிலா,” என்றேன், கோப்பையை ஏற்கெனவே துடைத்து அலமாரியில் வைத்துவிட்டவன் போல.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. பிளாஸ்டிக்கின் மினுமினுப்பை மங்கவைக்கும் வார்னிஷை டப்பாவிலிருந்து பீய்ச்ச வேண்டும். ஈரக் காற்றில் அடிக்காதீர்கள் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. (பினாங்கில் ஈரமில்லாத காற்று வேண்டுமென்றால் வங்கிக்குள்தான் போக வேண்டும்.) மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடலுக்கு அப்பால் பினாங்கு மலை, யாரோ ஊதிவிட்ட சாம்பிராணிப் புகை போல மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே பீய்ச்சினேன். மலை மேகத்துக்குள் போகும்வரை பீய்ச்சினேன்.

குனிந்து பார்த்தால் பாலைவனப் படை முழுக்க வெள்ளை. ஈரத்தைக் குடித்த வார்னிஷ் பூஞ்சை பூத்தது போலப் படிந்திருந்தது.

செல்வி எட்டிப் பார்த்தாள். “என்னங்க, எல்லாருக்கும் விபூதி பூசி விட்டுட்டீங்க? தைப்பூசத்துக்குக் கெளம்பிட்டாங்களா?”

கைப்பேசியில் தேடினேன். மெல்லிசாக ஒலிவ எண்ணெய் தடவினால் வெள்ளை மறையும் என்று எங்கோ ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். வீட்டில் இருந்தது நல்லெண்ணெய். சனிக்கிழமை, நல்லெண்ணெய், வெளிறிப்போய் நிற்கும் பிள்ளைகள். என் கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. எண்ணெயை லேசாகச் சூடு காட்டி, உச்சந்தலையில் வைத்து, பீரங்கிக் குழாயை நீவி, சக்கரச் சந்துகளிலெல்லாம் விரல்விட்டுத் தேய்த்தேன். வெள்ளை மறைந்தது. மணல் நிறம் சாயங்கால வெயிலில் நனைந்தது போல ஆழ்ந்தது. மறுபடியும் ஒட்டகம் வந்தது. மயங்கிப்போய் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

“சீயக்காய் கரைச்சுக் கொண்டாரட்டா?” என்றாள் செல்வி, சமையலறையிலிருந்து.

“ஒண்ணும் வேணாம்!”

ஞாயிறு காலை ஃபெரியில் போனோம். மேசையின் தலைவிதி முடிவாகும்போது நேரில் இருக்க வேண்டும் என்று அவளும் கூட வந்தாள். கடலில் பனிமூட்டம். முதல் பூச்சு மட்டும் அடித்து யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன பொம்மை போலத் தீவு எதிரே நின்றது. மடியிலிருந்த பெட்டி கமகமத்தது. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உயர்த்தி, யாரிடம் இட்லிப்பொடி இருக்கிறது என்று தேடினார்.

நடுவர் ஜோசப் அண்ணன். போர் நடக்கும் துணியும் அவருடையதுதான். கேன்வாஸில் அவரே தீட்டிய பாலைவனம், நடுவில் நுரைப் பலகையில் செதுக்கிய மணல்மேடு. என் முதல் டாங்கியை மேட்டின் உச்சியில் நிறுத்தினேன். அது சற்று யோசித்தது. பிறகு, எதிரி ஒரு பகடைகூட உருட்டாத நிலையில், வழுக்கிக்கொண்டு பின்வாங்கியது. இரண்டாவது டாங்கியும் அதன் வழியே வந்து சேர்ந்தது. கீழே நின்றவை ஒவ்வொன்றின் அடியிலும் கருப்பாக ஒரு வட்டம் விரிந்தது.

“தம்பி, என்னாப்பா இது? என் பாலைவனத்துல எண்ணெய்க் கெணறு தோண்டிட்டியா?” ஜோசப் அண்ணன் ஒரு டாங்கியைத் தூக்கினார். அது விரால் மீன் போல நழுவி விழுந்தது. விரலை முகர்ந்தார். “என்னா பெயிண்டு இது?”

“அது வந்து... ஒரு புது டெக்னிக்கு, அண்ணே...”

பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது. “நல்லெண்ணெய்தாண்ணே. சனிக்கெழமைன்னு தலைக்கு ஊத்திட்டாரு. சீயக்காய் போட்டுடலாம்னு நான் சொன்னேன், கேக்கல.”

சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது. முதலில் தமிழர்கள். பிறகு, யாரோ மலாயில் எடுத்துச் சொன்னதும், சீன நண்பர்கள். ஜோசப் அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்.

கோப்பை வேறொருவருக்குப் போனது. அவருடைய படை மணக்காமல், நிறுத்திய இடத்தில் நின்றது. அன்று மத்தியானமே எங்கள் மேசையில் வாழை இலை விழுந்தது. (சாம்பார் நன்றாக இருந்தது. மேசையில் வைத்துச் சாப்பிட்டால் ருசி கூடுமென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.) இப்போது துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்தான் வண்ணம் தீட்டுகிறேன். அது சுழலும்போது தூரிகை கிடுகிடுக்கும். கண்ணை மூடினால் டாங்கிக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

கதை சுங்கை பாக்காப்பிலுள்ள மாமியார் வீடுவரை போய்விட்டது. போன தீபாவளிக்கு விடிகாலையில், எண்ணெய் வைத்துக்கொள்ள எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மாமியார் எனக்கு வைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். எனக்குப் பின்னால் ஆள் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். மனைப்பலகையின் மேல் என் டாங்கி. (கடத்திக்கொண்டு வந்தது மச்சான்.) மாமியார் முகத்தில் சிரிப்பே இல்லை. அதன் தலையில் எண்ணெய் வைத்து, இரண்டு கையாலும் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார்.

“நல்லா இருக்கணும் சாமி,” என்றார். “யாருகிட்டயும் சண்டைக்குப் போகாத.”