இனி இரைப்பை அனுப்ப வேண்டாம்

டுட்லிங்கன்,
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மாமா அலோயிஸ் அவர்களுக்கு,

எட்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து நாற்பத்திரண்டு. உங்கள் மகள், என் யூடித், நம்மை விட்டுப் போய்விட்ட செய்தி வந்த நேரம் அது. கடிதத்தை எப்படித் தொடங்கினாலும் பேனா அங்கேயே போய் நிற்கிறது. அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். இனி முறைப்படி: மாப்பிள்ளை டீமோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதினேன். வீட்டில் இருப்பது ஒருவன்தான் என்பதால் 'யாவரும்' என்பதை அடித்தேன். தனியாக நின்ற 'நலம்' அசட்டுத்தனமாகத் தெரிந்ததால் அதையும் அடித்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா, கடையில் கூட்டம் எப்படி என்று அறிய ஆவல்.

விஷயம் சின்னதுதான். செவ்வாய்தோறும் எங்கள் அறுவைக் கருவிக் கம்பெனி வாசலில் நீங்கள் வைத்துவிட்டுப் போகும் பன்னிரண்டு பன்றி இரைப்பைகளை இனி அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

காரணம், அவற்றை வைத்துச் செய்த சோதனைகள் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. எட்டு மில்லிமீட்டர் குழாயை வயிற்றில் ஒரு சின்னத் துளை வழியாக உள்ளே விட்டு, அங்கேயே குடலைக் கவ்வி, தைத்து, நடுவில் வெட்டவும் வேண்டிய ஸ்டேப்ளர் இப்போது அதையெல்லாம் செய்கிறது. ஒழுகவில்லை. இதை முதன்முதலில் உங்கள் கறிக்கடையில் காட்டியபோது நீங்கள் சாசேஜ் முனைக்குக் கிளிப் அடிக்கும் மெஷினைத் தட்டிக் காட்டி, "மாப்ளே, இதுவும் கிளிப்தான் அடிக்குது. முப்பது வருஷமா ஒண்ணும் ஒழுகல. இதுக்கு நீங்க பதினோரு பேரா?" என்று கேட்டீர்கள். யூடித் கல்லாவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். அடுத்த செவ்வாயிலிருந்து இரைப்பை டப்பாவை உங்கள் கடையில் எடுத்து என்னிடம் சேர்த்துவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் டூட்டிக்குப் போக ஆரம்பித்ததும் அவள்தான்.

அவளுக்குப் பிறகு நீங்களே கொண்டுவருகிறீர்கள். செவ்வாய் காலையில் கடையைப் பூட்டிவிட்டு வருகிறீர்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். டப்பாவை வாசலில் வைத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்து, உள்ளே வராமல் போய்விடுகிறீர்கள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்க்கிறேன். கீழே இறங்குவதில்லை. கல்லறைக்குப் போனாலும் இதே கதைதான். தண்ணீர் வாளியோடு நான் போகும்போது மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கிறது.

சோதனை முடிந்ததும் எங்கள் பிரிவுத் தலைவர் எப்ளே என்னைக் கூப்பிட்டு, மாமாவிடம் நிறுத்தச் சொல் என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அடுத்த செவ்வாயும் பன்னிரண்டு வந்தது, அதற்கடுத்ததும் பன்னிரண்டு, கம்பெனி ஃப்ரீசர் நிரம்பி ஒருவருடைய பிறந்தநாள் ஐஸ்கிரீம் கேக் இரைப்பைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள, அந்தக் கேக்கை யாரும் சாப்பிட முன்வராததால் எப்ளே எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பச் சொன்னார், டப்பாவில் உங்கள் கையெழுத்து இருந்ததால் எனக்கு மனம் வரவில்லை, இருபத்திநான்கையும் காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், வீட்டு ஃப்ரீசரைத் திறந்தால் முன்னால் யூடித் கறியை மாவில் பொதிந்து செய்துவைத்த மவுல்டாஷன் டப்பா, மேலே 'வெள்ளிக்கிழமைக்கு, தொடாதே' என்று எழுதியிருக்கிறாள், அது எந்த வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியாது, அதை வெளியே எடுத்தால் உருகிவிடும் என்பதால் தொடாமல் கதவை மூடி, இரைப்பைகளைத் தரையில் வைத்தேன். உறைந்த பொருளைத் தரையில் வைத்தால் என்ன ஆகும் என்பது பொறியியல் படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடிந்தபோது சிவப்புத் தண்ணீர் வாசற்கதவுக்கு அடியில் போய், படிக்கட்டில் இறங்கி, கீழ்வீட்டு நேகலே அம்மாவின் கால்மிதிவரை போயிருக்கிறது. அந்த வாரம் படிக்கட்டு கழுவும் முறை அவருடையது. ஆகவே முதலில் அதைத் துடைத்துவிட்டு, பிறகுதான் அது என்ன என்று யோசித்திருக்கிறார். பெண்டாட்டி செத்த பையன் மாடியில் தனியாக இருக்கிறான், கதவுக்குக் கீழே ரத்தம். தீயணைப்புப் படைக்குப் போன் செய்துவிட்டார்.

கதவை உடைத்து நான்கு பேர் உள்ளே வந்தபோது நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு இரைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க முடியாமல்தான். தலைக்கவசம் போட்டவர் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். "தையல் ஒழுகல" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேகலே அம்மா மட்டும் பின்னாலிருந்து, "அடுத்த வாரம் படிக்கட்டு முறை உன்னுது, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். எட்டு வாரத்தில் என்னிடம் ஒருவர் சாதாரணமாகப் பேசியது அது ஒன்றுதான், மாமா.

இங்கேதான் எழுத வேண்டியது இருக்கிறது. நம்ம ஊரில் திட்டாமல் இருந்தாலே பாராட்டியதாக அர்த்தம். கல்யாணத்தில் நீங்கள் எழுந்து கிளாஸைத் தட்டி, "இவனைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்தீர்கள், கூடமே கைதட்டியது. மற்ற நாளெல்லாம் நீங்கள் என்னைத் திட்டாத ஞாயிறு கிடையாது, கத்தி பிடிக்கத் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது, வெண்ணெயை அரை விரல் கனத்துக்குத் தடவுகிறான் என்று. அடக்கத்தன்றிலிருந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. ஏன்னா உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது.

ஸ்டேப்ளர் தாடையை மூடியதும் உடனே அடிக்கக் கூடாது. பதினைந்து விநாடி பிடித்துக் காத்திருக்க வேண்டும், கவ்விய இடத்திலிருந்து நீர் வடிந்தால்தான் ஆணி சரியாக மடங்கும். அன்றைக்கு நான் ஒன்பது எண்ணியபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். சாப்பாட்டு டப்பாவை மறந்திருப்பாள் என்று நினைத்துப் பத்து எண்ணினேன். பதினைந்துவரை எண்ணி, அடித்து, கத்தியை ஓட்டி, கை கழுவி, துடைத்து, அப்புறம்தான் திருப்பிக் கூப்பிட்டேன். செய்தி வந்தது பத்து நாற்பத்திரண்டுக்கு. நான் வாங்கிக்கொண்டது பத்து நாற்பத்திநான்குக்கு. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சது, ஆபரேஷன் தியேட்டர்ல சுத்தி ஆறு டாக்டர் இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல, அந்த ரெண்டு நிமிஷத்தால எதுவும் மாறியிருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கணக்கு எனக்கும் தெரியுது. ஆனா அவளுக்காக வந்த போனை நான் அடிக்க விட்டேன் மாமா.

இன்னொன்று. ஸ்டேப்ளரின் கைப்பிடி வடிவம் முடிவாகிவிட்டது. முதல் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு யூடித், "இது டாக்டருக்கா, கரடிக்கா?" என்று கேட்டாள் இல்லையா? அவளோடு வேலை செய்த சர்ஜன் அம்மா ரெண்டு கையாலயும் அமுக்க வேண்டியிருந்ததாம். அதனால் களிமண்ணை உருட்டி யூடித் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். அந்தப் பிடியை அளந்துதான் வரைபடம். வியாழக்கிழமை எப்ளே முத்திரை போட்டார். அவள் கையுறை அளவு ஆறு. எங்கெங்கோ யார் யாரோ இனி அதைப் பிடிப்பார்கள்.

ஆகவே, மேற்படி இரைப்பைகளை நிறுத்திவிடுமாறு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குச் சிரமம், முழங்காலும் சரியில்லை. இறைவன் உங்களுக்குத் தூக்கத்தைத் தரட்டும். எனக்குத் தராததையும் சேர்த்துத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
டீமோ

பின்குறிப்பு: உறையில போட்டு ஒட்டினதைத் திரும்பப் பிரிச்சேன். மேல எழுதினதை விட்டுடுங்க மாமா. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல பன்னிரண்டு. கம்பெனிக்கு வேணாம், வீட்டுக்குக் கொண்டாங்க. கதவு புதுசு, அழைப்பு மணி இன்னும் மாட்டல, தட்டுங்க. கைப்பிடி ஒண்ணு இங்க மேசைமேல இருக்கு. உங்க கை அதுல அடங்காது, மூணு விரலோட நின்னுடும். கட்டாயம் திட்டுவீங்க. திட்டிட்டு உட்காருங்க, அந்த மவுல்டாஷனைக் கொதிக்க வைக்கிறேன். வர முடியாதுன்னு சொல்றதுக்குப் போன் பண்ணாதீங்க. போன் அடிச்சா நான் பத்துலேர்ந்து எண்ண ஆரம்பிச்சிடறேன். அதனால அணைச்சு வச்சிட்டேன்.