நான்காவது மாடியில் உன் செருப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமாக இருப்பதாக நீயே சொல்லிக்கொண்டு திரிவது தெரியும்; அதை நான் நம்பவில்லை என்று தெரிவிக்கவே இக்கடிதம். இங்கே உன் அண்ணி நலம். என் நலத்தைப் பற்றி டாக்டரம்மாவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. போனில் சொன்னால் "சரிண்ணா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய் என்பதால் பேனாவை எடுத்தேன்.

எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். உட்கார்ந்துகொண்டு படி. ஏதோ வருடாந்திரச் சோதனை என்று உன் அண்ணி இழுத்துப்போக, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற ஒன்று ஏறியிருக்கிறது என்றார்கள். பிறகு டாக்டரம்மா கையுறை மாட்டினார். அந்த நிமிடத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உன்னைப்போலவே ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குழிகளுக்குள் எட்டிப் பார்த்தவனுக்கு இது நியாயம்தான் என்று மட்டும் தேற்றிக்கொண்டேன். அடுத்து ஸ்கேன். அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்ததும் தடதடவென்று ஒரு சத்தம். "தம்பி, உங்க மெஷின்ல பேரிங் போயிருக்கு, நிறுத்துங்க" என்று கத்தினேன். "சார், அது அப்படித்தான் சத்தம் போடும், அசையாதீங்க" என்றான் அந்தப் பையன். எல்லா வாடிக்கையாளரும் நம்மிடம் சொல்கிற அதே பதில்! பிறகு ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன்.

கடைசியில் டாக்டரம்மா சிரித்த முகத்தோடு, "முதல் நிலைதான். சின்னதா, சுரப்பிக்குள்ளேயே இருக்கு. வேகமா வளர்ற ரகமும் இல்ல. இப்போதைக்கு ஆபரேஷனும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். அப்பப்போ ரத்தம், ஸ்கேன், தேவைப்பட்டா மறுபடி சதை எடுத்துப் பாக்கலாம். கவனிச்சுக்கிட்டே இருப்போம்" என்றார். எனக்குத் தலையில் இடி விழுந்தது. நம் தொழிலில் எந்த லிஃப்டுக்கு 'கவனிப்பில் உள்ளது' என்று அட்டை மாட்டுவோம்? கழற்றி எடைக்குப் போடப்போகிற லிஃப்டுக்குத்தானே? அட்டை மாட்டினபின் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறோமா? "ஒளிக்காம சொல்லுங்க டாக்டரம்மா, என்னைக் கழட்டப்போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் உன் அண்ணியைப் பார்த்தார். "அவரு லிஃப்டு பாஷையில பேசறாரு, நீங்க மேல சொல்லுங்க" என்றாள் அவள்.

அடுத்த சோதனைக்கான சீட்டோடு அண்ணி ஒரு பக்கம் போக, நான் கோபத்தில் தனியாக லிஃப்டுக்குள் ஏறினேன். உள்ளே முக்காலியில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், வலது காலை ஆட்டியபடி. கதவு மூடியது. நான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை, அவரும் அழுத்தவில்லை, ஆனால் லிஃப்ட் ஏறியது. மோட்டார் சத்தம் இல்லை, கயிற்றின் முனகல் இல்லை. வழக்கம்போல் காதைச் சுவரில் வைத்தேன். ஒன்றுமே இல்லை. சத்தமே போடாத லிஃப்டை நான் நம்பமாட்டேன் என்று உனக்குத் தெரியும். "எந்த மாடிங்க?" என்றேன். "எல்லா மாடியும்தான்" என்றார், திரும்பாமலே.

முதல் மாடியில் கதவு திறந்தது. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணு. உங்க மாடி. சிலர் ஆயுசு முழுக்க இங்கேயே இருந்துடுவாங்க, அவங்களக் கவனிச்சாப் போதும்." இரண்டாவது மாடியில் யாரும் படிக்கவில்லை; எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "ரெண்டு. இன்னும் சுரப்பிக்குள்ளதான், ஆனா பெருசாவோ முரட்டு ரகமாவோ இருக்கும். வெட்டி எடுக்கலாம், இல்லேன்னா கதிர்வீச்சு. மூத்திரம் ஒழுகலாம், தாம்பத்தியம் சிரமமாகலாம், முன்னாடியே கேட்டுக்கணும். ஆனா குணமாகி இறங்கிப் போறவங்க நிறைய." மூன்றாவது மாடி ஐஸ்பெட்டிபோலக் குளிர்ந்தது, அங்கிருந்தவர்களோ வேர்த்து வழிய, ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகக் கோப்புகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். "மூணு. சுரப்பியத் தாண்டிப் பக்கத்துல பரவியாச்சு. கதிர்வீச்சோட ஆண் ஹார்மோன அடக்குற ஊசியும் போடுவாங்க. அதான் இந்த வேர்வை."

நான்காவது மாடியில் ஆளே இல்லை. நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஜோடிச் செருப்பு. "நாலு. நிணநீர் முடிச்சுக்கோ எலும்புக்கோ போயாச்சு. முதுகு, இடுப்புன்னு வலிக்கும். மருந்து இருக்கு, வருஷக்கணக்கா ஓட்டுறவங்களும் இருக்காங்க. ஆனா இந்த மாடியில கீழ போற பொத்தான் கிடையாது." நான் கதவோரப் பலகையைத் தடவினேன். பொத்தான் இருக்கவேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. கடைசி நாற்காலியின் அடியில் இருந்த இடது செருப்பில், அறுந்த வாரைச் செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. உலகத்தில் செருப்பு வாரைச் செப்புக் கம்பியால் கட்டுகிற கஞ்சன் ஒருவன்தான். முக்காலிக்காரர் அப்போதுதான் திரும்பினார்; உன் முகம். "அண்ணா, உன் லெட்டர் இப்பத்தான் கைக்கு வந்துச்சு" என்றார். உனக்குக் கடிதம் எழுதும் எண்ணமே எனக்கு அப்போது இல்லையடா.

அப்பா இடுப்பு வலியில் போனார் என்றுதானே இத்தனை காலமும் சொல்லி வருகிறோம்? நாமும் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தோம். அந்த இடுப்பு எதனால் வலித்தது என்று நம் வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. "அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தா தம்பிக்கும் வர வாய்ப்பு கூடுதல், அவரை வரச்சொல்லுங்க" என்கிறார் டாக்டரம்மா. போன தடவை சினிமாவுக்குப் போனபோது ஓயாமல் எழுந்து எழுந்து கழிப்பறைக்குப் போய், பாதிக் கதையை என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாய். அது வெறும் வயசுக் கோளாறாகவும் இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும்? என்னைப் பற்றி எனக்குப் பயமில்லை. உன்னைப் பற்றித்தான். போய் ரத்தம் கொடு.

நீயும் உன் பிள்ளைகளும் குறைவில்லாமல் நெடுங்காலம் இருக்கவேண்டும். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
கவனிப்பில் உள்ள உன் அண்ணன்

பி.கு.: உன் அண்ணி இதைப் படித்துவிட்டு, "அந்த ஆஸ்பத்திரிக்கு மாடியே கிடையாதே, லிஃப்டு எங்கேந்து வந்துச்சு?" என்கிறாள். உண்மைதான். முக்காலிக்காரர், செருப்பு, எல்லாம் என் கைச்சரக்கு. சாதாரணமாக எழுதினால் நீ படிக்கமாட்டாய், பேய்க்கதை என்றால் சோற்றை மறந்து படிப்பாய். நிலைகளும் வைத்தியமும் மட்டும் டாக்டரம்மா சொன்னது, அதை விட்டுவிடாதே. இதை உறையில் போடும்போது உன் மனைவி போன் செய்தாள். இடுப்பு வலியில் நீ படுத்தே கிடக்கிறாயாம், அப்பாவுக்குத் தேய்த்தது எந்தத் தைலம் என்று கேட்டாள். "காலையிலேந்து ‘அண்ணன் லெட்டர் வந்துச்சா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்றாள். நான் எழுதுவது உன் அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. தைலத்தைத் தொடாதே. இதைத் தபாலில் போடவில்லை, நானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கதவைத் திறந்து வை.