மேற்கோள் மன்னரிடம் வந்த கேப்டன்

மனித குலத்தின் பயங்களைப் பற்றி எங்கள் பேராசிரியர் வீப்ரன் தெர்ப்ஸ்ட்ரா எழுதிய அளவுக்கு உலகத்தில் வேறெவரும் எழுதியதில்லை. மருத்துவ உளவியலில் யார் பயத்தைப் பற்றிப் பேனாவை எடுத்தாலும் அடிக்குறிப்பில் அவர் பெயர் வந்தே தீரும். வட நெதர்லாந்தில் அவருடைய ஆய்வுப் பிரிவில் பணிபுரியும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

அப்பேர்ப்பட்டவரைத் தேடித்தான் ஹில்கா பௌமா வந்தார். தீவுக்குப் போகும் பயணிகள் கப்பலின் கேப்டன். ஒரு மூடுபனிக் காலையில் அவர் கப்பல் மீன்பிடிப் படகு ஒன்றை மயிரிழையில் மோதாமல் தப்பியது. அன்றிலிருந்து சுக்கானைத் தொட்டாலே கை உதறியது.

பேராசிரியர் கனிவோடு எல்லாவற்றையும் கேட்டார். அதைச் ‘சிகிச்சை’ என்று ஹில்கா நினைத்துக்கொண்டார். அது ‘தரவு சேகரிப்பு’. விரைவில் ‘மூடுபனியும் நடுக்கமும்’ என்ற கட்டுரை வெளிவந்து கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்தது. ஹில்காவும் முன்னேறினார்: கப்பலிலிருந்து டிக்கெட் கவுண்டருக்கு.

மறுபடி வந்தார்.

“சிகிச்சைய எப்பங்க ஆரம்பிப்பீங்க?”

“அவசரப்படாதீங்க ஹில்கா. உங்க நடுக்கத்த ஜப்பான்ல மேற்கோள் காட்டியிருக்காங்க!”

“அது நின்னுச்சான்னு யாராச்சும் கேட்டாங்களா?”

“அது வேற ஆய்வுங்க.”

பேராசிரியர் நாட்டிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படும் உளவியலாளர் ஆனதைக் கொண்டாடினோம். கேக் வெட்டினோம். எங்கள் வழக்கப்படி எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கினோம். அந்த வரிசையில் ஹில்காவும் வந்து நின்றார்.

“நீங்க எந்தத் துறை?” என்று கேட்டார் துறைத் தலைவர்.

“நான்தாங்க அந்த நடுக்கம்.”

அறையே சிலிர்த்துவிட்டது. இளம் ஆய்வாளர் ஒருத்தி ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். “ஐயோ, ‘நோயாளி ஹி’ நீங்கதானா! என் முனைவர் பட்டமே உங்களாலதான்!”

“அப்ப நீயாவது எனக்கு வைத்தியம் பாரும்மா.”

“நானா? நான் ஆளுங்களப் பாக்கறதில்லையே!”

ஹில்கா பேராசிரியரிடம் திரும்பினார். “இத்தன பேருக்கு வேல குடுத்திருக்கேன். என் வேலைய எனக்குத் திருப்பித் தர மாட்டீங்களா?”

பேராசிரியர் அவரை ஜன்னலோரம் அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: “மனசு விட்டுச் சொல்றேன். இப்பப் போய்ச் சிகிச்சை குடுத்தா தரவு கெட்டுப்போயிடும்.”

ஹில்காவின் கையிலிருந்த தட்டில் முட்கரண்டி கடகடவென்று ஆடியது. “குறிச்சுக்குங்க,” என்றார். “இது பயமில்ல. கோபம்.” தட்டை வைத்துவிட்டு, யாரிடமும் விடைபெறாமல் போய்விட்டார்.

பக்கத்து ஊர் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே அவரைக் கப்பலுக்கே கூட்டிப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள். இந்த வசந்தத்தில் மறுபடி சுக்கானைப் பிடித்துவிட்டார். பேராசிரியருக்குத் தாங்கவில்லை. “நல்ல நோயாளி. கைவிட்டுப் போயிடுச்சு,” என்று அன்றைக்கு மதிய ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

ஆனால் மேதைகள் சோர்வதில்லை. அவருடைய மகத்தான நூல் இப்போது வெளிவந்திருக்கிறது: பயத்துக்குச் சிகிச்சையே கிடைக்காதவர்கள் ஆண்டுக்கணக்கில் என்ன ஆகிறார்கள் என்பது பற்றி. அப்படிப்பட்டவர்களை இத்தனை பேர் எப்படித் திரட்டினார் என்று உலகமே வியக்கிறது. வேறெங்கும் இது சாத்தியமில்லை. அங்கெல்லாம் ஆராய்ச்சியில் அக்கறையே இல்லாதவர்கள், வருகிறவர்களைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.