பதினான்காம் தொட்டியும் ஒரு காட்டுப்பன்றியும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஃபுல்க்ரான் மாமா அவர்களுக்கு,

மாகலி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், ஒதில் மாமியும் மூன்று நாய்களும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நானும் நலம். இந்தக் கடிதத்தைப் பாதி மாமாவாகவும், பாதி நம் திராட்சை விவசாயிகள் கூட்டுறவின் தலைவராகவும் படிக்க வேண்டுகிறேன். விஷயம் இதுதான்: செப்டம்பரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உங்களைச் சேற்றில் குப்புறப் படுக்கவைத்த காட்டுப்பன்றி நான்தான்.

விதி எனக்குத் தெரியும். உறுப்பினரானவர் கடைசிக் கொத்துவரை கூட்டுறவுக்கே கொடுக்க வேண்டும். ஆனால் மாமா, ரசாயனம் தொடாமல் மூன்று வருடம் என் சரிவில் கையால் களை கொத்தியிருக்கிறேன். இந்த வருடம்தான் இயற்கை விவசாய முத்திரை கிடைத்தது. கிடைத்த கையோடு என் பிக்பூல் திராட்சையெல்லாம் மற்றப் பதினோரு பேருடைய பழத்தோடு சேர்ந்து பதினான்காம் தொட்டிக்குள் இறங்கிவிடும். வெள்ளை ஒயினாகிப் புட்டியில் திரும்பி வரும்போது என் சரிவு அதில் எந்த மிடறில் இருக்கும்? காயலின் உப்புக்காற்று மாலையில் என் கொடிகள்மேல் ஏறி வருகிறதே, அது உள்ளே போகிறதா இல்லையா? ஒரே ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஏக்கம் தாங்காமல், அறுவடைக்கு முந்தின நாள் கடைசி வரிசையில் நாலு கூடை பறித்து ஒளித்துவைத்தேன்.

மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்து ஒக்தாவ் வேலியருகே வந்து நின்றார். "என்ன பொண்ணே, கடைசி வரிசை மொட்டையா நிக்குது? யாரு மேஞ்சது?" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "பன்னி." அவர் உங்களிடம் சொல்ல, வேட்டைச் சங்கத்துக்கும் நீங்களே தலைவராகிப் போனதால், ஏழு பேர், ஏழு துப்பாக்கி, மூன்று நாய். "கவலப்படாதடி, அவன் தோல உரிச்சு உன் வாசல்ல போடுறேன்" என்றீர்கள். நான் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறு நாய்கள் நேராக என் சலவை அறைக் கதவுக்கு வந்து குரைத்தன. "முட்டாள் கழுதைங்களா, பன்னி துணி தொவைக்குமா?" என்று அவற்றைத் திட்டி இழுத்துப் போனீர்கள். கதவுக்குப் பின்னால் பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் என் பழச்சாறு ஒயினாகப் புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரமே அடைப்பான் பிய்த்துக்கொண்டு கூரையில் அடித்தது, அதுவும் மாமி பாத்திரம் திருப்பித் தர வந்த நேரமாகப் பார்த்து. "என்னடி சத்தம்?" "எலுமிச்சைச் சாறு மாமி." மாமி சுவரில் தெறித்ததை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "எலுமிச்சையா? உன் மாமாவோட வேட்டை சாக்ஸ ஊறவெச்ச தண்ணி மாதிரி இருக்கு."

மாமி சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அவர் போனபிறகு ஒரு முழு கிளாஸ் குடித்தேன், மாமா. எங்காவது அடியில் என் சரிவு இருக்கும் என்றுதான். புளிப்புக்குப் பின்னால் புளிப்புதான் இருந்தது.

ஆகவே அடுத்த அறுவடையில், ஒரே ஒரு வருடம், எனக்கென்று ஒரு சின்னத் தொட்டி ஒதுக்கித் தர வேண்டும். முடியாதென்றால் இதையே என் விலகல் கடிதமாக ஏற்றுக்கொள்ளுங்கள். என் ஒன்றரை ஹெக்டேரோடு நான் தனியாகப் போகிறேன்.

மாமிக்கு இரு கன்னத்திலும் முத்தம். வேட்டைக்காரர்கள் ஏழு பேரிடமும் மன்னிப்பு. நாய்களிடம் தனியாக ஒரு மன்னிப்பு, அவை மட்டும்தான் சரியாகச் சொல்லின.

என்றும் உங்கள் மருமகள்,
மாகலி

பி.கு.: விலகல், தொட்டி இரண்டையும் அடித்துவிடுங்கள் மாமா. இதைக் கொடுக்கக் கூட்டுறவுக்கு வந்தேன். பதினான்காம் தொட்டியிலிருந்து முதல்முறையாக எடுத்துச் சுவைத்துக்கொண்டிருந்தார்கள், பதினோரு பேரும். "இந்த வாசனை என் மேட்டுது" என்றார் ஒக்தாவ். "உன் மேட்டுல நத்தைதான் விளையும். இது என் கல்லுக்காடு" என்றார் இன்னொருவர். ஒருவர் பாக்கியில்லாமல் அது தன் நிலம்தான் என்று சத்தியம் செய்தார்கள். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மிரேய் எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினாள். கண்ணை மூடித் தேடினேன். என்னைத் தெரிந்த ஏதோ ஒன்று நாக்கில் வந்து நின்றது. யாரென்று பார்ப்பதற்குள் மற்றவர்களோடு கலந்துவிட்டது. விலகிவிட்டால் இதற்குள் தேட எனக்கு என்ன உரிமை?

"கெடச்சுதா?" என்றாள் மிரேய்.

"இல்ல," என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்து."