தீப்பெட்டியும் திருமணமும்

புதிதாக ஒன்றைக் கற்றவன் அதை ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பது, அதைக் கற்பதைக் காட்டிலும் கடினம். எனக்குக் கற்க மட்டுமே தெரிந்திருந்த காலம் அது.

1950களில், மத்திகிரியில் ஒரு கால்நடை மருத்துவருக்கு உதவியாளாக இருந்தேன். மாட்டு உண்ணியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமி அதற்குத் தீங்கின்றிக் குடியிருக்கும் என்றும், தாய் உண்ணியின் முட்டை வழியே குஞ்சுக்கும் செல்லும் என்றும் அவர் சொல்லக் கேட்டேன். அதை உலகுக்கு அறிவிக்கும் பொறுப்பு அன்றே என் தலையில் ஏறியது.

அந்நாளில் தேன்கனிக்கோட்டைக்குப் பெண் பார்க்கச் சென்றேன். பெண் ருக்குமணி, ஒரே மகள். வீட்டோடு மாப்பிள்ளை தேடினார் தந்தை. வருகிறவன் வீட்டையே தின்றுவிடுவானோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. நானோ, சந்தையில் கண்ட நாள் முதல் அவளைத் தவிர வேறொருத்தியை மணப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தேன் (அவளுக்கு இது தெரியாது).

மருத்துவருக்காக அன்று காலை அவ்வூர் மாடுகளில் பிடித்த உண்ணிகள், என் சட்டைப்பையில், தீப்பெட்டிக்குள் உயிரோடு இருந்தன. தந்தையின் நண்பர் வெங்கடப்பா, தெலுங்கு பேசும் கம்பளி வியாபாரி, பையைக் கவனித்துவிட்டார்.

“என்ன தம்பி, மூக்குப்பொடியா?”

“இல்லீங்க, உண்ணி.”

தெலுங்கில் ‘உன்னி’ என்றால் ஆட்டுமயிர். அவர் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம சரக்கு! இப்பிடிக் குடுங்க, தரம் பாக்கலாம்.”

நான் வாய் திறப்பதற்குள் தீப்பெட்டியை உருவி உள்ளங்கையில் கொட்டிவிட்டார்.

“ஐயய்யோ! உன்னிக்குக் கால் மொளைச்சிருக்குது!”

அவர் கையை உதறிய வேகத்தில் உண்ணிகள் தந்தையின் வேட்டி மடிப்பில் குடியேறின. பெரியவர்கள் இருவரும் ஆடிய ஆட்டத்துக்கு மேளம் ஒன்றுதான் குறை.

“எந்திரிச்சுப் போய்யா வெளிய!” என்றார் தந்தை.

ருக்குமணி கைநழுவுகிறாள் என்ற பதற்றத்தில், எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை முழங்கினேன்: “அஞ்சற்க, ஐயா! உண்ணிக்குள் ஒரு கிருமி உண்டு. அது குடிபுகுந்த உடலுக்கு யாதொரு தீங்கும் செய்யாது. வம்சம் வம்சமாக அங்கேயே அடங்கி வாழும்!”

வேட்டி உதறுவதை அவர் நிறுத்தினார்.

“வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு.”

“ஆமாங்க, மாமா” (அதற்குள் மாமா!).

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “கிருமிக்கு வீடு புடிச்சிருக்குது, சரி. உண்ணிக்குப் புடிச்சிருக்குதான்னு யாராச்சும் கேட்டீங்களா?”

வெங்கடப்பாதான் முதலில் சிரித்தார்.

“புடிச்சிருக்குதா, ருக்கு?” என்றார் தந்தை.

“மொதல்ல அவரக் குளிச்சிட்டு வரச் சொல்லுங்க.”

அந்த வீட்டுக் கிணற்றடியில் குளித்தவன்தான். இன்றும் அங்கேயே குளிக்கிறேன். யாரேனும் வந்து என்னைக் கேட்டால், என் மனைவி உள்ளே கைகாட்டிச் சொல்வாள்: “உள்ளதான் குடியிருக்காரு. இதுவரைக்கும் யாதொரு தீங்கும் இல்லீங்க.”